வெளிநாட்டு நிதியோடு ஊருக்குள் போகும் முன்: புதிய களப்பணியாளருக்கு ஒரு வழிகாட்டி

பன்னாட்டு நிதியில் நடக்கும் வளர்ச்சித் திட்டங்களுக்குக் களப்பணியாளராக முதன்முறை சேர்பவர்கள், பெரும்பாலும் சமூகப்பணிப் படிப்பை முடித்த கையோடு, ஒரு திட்ட ஆவணத்தையும் ஒரு கணக்கெடுப்புப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மாதங்களில், நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில், ஆறு பக்கப் படிவத்தோடு ஒரு மூதாட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது அவர் என் பேனாவைக் கையால் மறித்து, “தம்பி, உனக்கு முன்னாடி ஏழு பேரு வந்து இதே கேள்வியத்தான் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. நீங்கல்லாம் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலானவை, அன்றே தெரிந்திருக்க வேண்டியவற்றைப் பின்னால் கற்றுக்கொண்டதன் தொகுப்பு.

நாகப்பட்டினத்தை எடுத்துக்காட்டாக வைப்பதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, இன்றைய மயிலாடுதுறையையும் உள்ளடக்கியிருந்த அந்த மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டின் மொத்த உயிரிழப்பில் பெரும்பங்கு அதுவே. இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து உலகெங்கும் திரண்ட உதவித்தொகை ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டாலர். பணத்துக்குக் குறைவில்லாத அந்த நேரத்தில் எது நன்றாக நடந்தது, எது கெட்டது என்பதைப் பார்த்தால், மற்ற இடங்களில் பணப் பற்றாக்குறையின் மேல் போட்டுவிடும் பழிகளில் பல உண்மையில் வேறு காரணத்தால் வருபவை என்பது தெரியும். உதவி நிறுவனங்களும் நாடுகளும் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 2006இல் வெளிவந்தபோது, உயிர்களைக் காப்பாற்றும் முதல் வேலையைச் செய்தவர்கள் உள்ளூர் மக்களே என்பதையும், வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தத் திறனைப் பயன்படுத்தாமல் பல இடங்களில் ஓரங்கட்டியதையும் வெளிப்படையாகவே எழுதியது.

“மக்கள் பங்கேற்பு”, “சமூகக் கூட்டாண்மை” என்ற சொற்கள் எல்லாத் திட்ட ஆவணங்களிலும் இருக்கும். அவை உண்மையா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: இந்தத் திட்டத்தில் ஊர் “வேண்டாம்” என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு ஏதாவது விளைவு உண்டா? கீழே வரும் படிகள் எல்லாம் அந்த “வேண்டாம்” என்ற சொல்லுக்கு இடம் உண்டாக்குவதற்கான வழிகளே.

முதல் படி: ஆவணத்தையும் சட்டத்தையும் படித்துவிடுங்கள்

ஊருக்குப் போவதற்கு முன் திட்ட ஆவணத்தையும் நிதி ஒப்பந்தத்தையும் முழுவதும் படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போவது வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிடுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு செயல்பாட்டின் ஓரத்திலும், இது மாற்ற முடியாதது, நிதி தருபவரிடம் எழுதிக் கேட்டால் மாறக்கூடியது, ஊரே முடிவு செய்யக்கூடியது என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு முன் அனுமதியின்றி எவ்வளவு மாற்றலாம் என்பதை ஒப்பந்தம் சொல்லும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஊர்க்கூட்டத்தில் உட்காராதீர்கள். மூன்றாம் வகையில் ஒன்றுகூட இல்லையென்றால், நீங்கள் போவது கலந்துபேச அல்ல, அறிவிக்க என்பதை முதலில் உங்கள் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் வேலை செய்பவர்கள் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010ஐ அதன் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்கு மட்டுமே வர முடியும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது (முன்பு 50 ஆக இருந்தது). வந்த பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கணக்கர் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கடைசி விதி களத்தை நேரடியாகத் தொடுகிறது. முன்பெல்லாம் பதிவுபெற்ற ஒரு சிறு உள்ளூர்ச் சங்கத்திடம் பணத்தைக் கொடுத்து, அவர்களே வாங்கி, அவர்களே கணக்கு எழுதச் செய்ய முடிந்தது. இப்போது கொள்முதல் உங்கள் அலுவலகத்தின் வழியாகத்தான் நடக்கும். காசோலை ஊரின் கையில் இல்லாத நிலையில், விலைப்புள்ளி உறைகளைப் பிரித்துப் பார்ப்பது, பொருளைப் பார்த்து ஏற்பது, குறை இருந்தால் திருப்பி அனுப்புவது ஆகிய மூன்றையும் ஊர்க்குழுவின் கையெழுத்தோடு மட்டுமே நடத்துவது என்று உள்விதி போட்டுக்கொண்டால், இழந்ததில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும்.

இரண்டாம் படி: ஊரில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நகரத்திலிருந்து வருபவர்கள் செய்யும் முதல் தவறு, “பஞ்சாயத்து” என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொள்வது. ஒன்று, 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி தேர்தலில் வரும் ஊராட்சி. அதன் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை அதன் பொறுப்பு. மற்றொன்று, கடற்கரை மீனவர் கிராமங்களில் தலைமுறைகளாக இருந்துவரும் ஊர்ப் பஞ்சாயத்து. எந்த வலை கூடாது, கோயில் திருவிழா எப்போது, வழக்கை எப்படித் தீர்ப்பது, வந்த நிவாரணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அதற்குச் சட்டப்படி எந்த இடமும் இல்லை. நடைமுறையில் அதன் சொல்லை மீறி அந்த ஊரில் ஒரு செங்கலும் வைக்க முடியாது.

ஊர்ப் பஞ்சாயத்தின் அலகு தலைக்கட்டு. மணமான ஆண் ஒருவர் ஊருக்கு வரி கட்டத் தொடங்கும்போது ஒரு தலைக்கட்டாகிறார். ஊருக்கு வருவது எதுவாயினும் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரியும். இதில் மிகுந்த நன்மை உண்டு. ஆழிப்பேரலை நாட்களில் வந்து குவிந்த அரிசியும் பாத்திரமும் அடிதடியின்றிப் பங்கானது இந்தக் கட்டுக்கோப்பினால்தான். வெளியாள் ஒருவர் “மிகவும் ஏழைகளுக்கு மட்டும்” என்று பட்டியலிட்டுக் கொடுத்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும். ஆனால் ஊரின் அந்தத் தலைக்கட்டுப் பட்டியல் வேறொன்றையும் செய்தது. கணவனை இழந்த பெண்ணின் வீடு பல ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் வரவில்லை. ஊருக்கு வெளியே குடியிருந்த தலித் மக்களும், மீன் கூடையைச் சுமந்தும் வலை இழுத்தும் கடலை நம்பியே பிழைத்தாலும் அந்தக் கணக்கில் இல்லை. கடல்நீர் புகுந்து உவர்ப்பாகிப்போன வயல்களில் கூலி வேலை செய்தவர்களுக்கு வீடு இடியவில்லை, படகு உடையவில்லை. ஆகவே இழப்பு என்று எழுதிக்கொள்ள எவரும் வரவில்லை, வேலை மட்டும் போயிருந்தது.

ஆகவே ஊர்ப் பஞ்சாயத்தாரைத் தவிர்த்துவிட்டு உள்ளே போவதும் தவறு, அவர்கள் தந்த பட்டியலை அப்படியே தட்டச்சு செய்து “பயனாளிகள்” என்று தலைப்பிடுவதும் தவறு. முதலில் நாட்டாமையையும் பஞ்சாயத்தாரையும் பார்த்து, யார் சார்பில் வந்திருக்கிறீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள், எதைச் செய்ய உங்களால் முடியாது என்பதைச் சொல்லுங்கள். பிறகு பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் இல்லாத வீடுகளைத் தேடிப் போங்கள். நியாயவிலைக் கடை அட்டைக் கணக்கு, அங்கன்வாடிப் பதிவேடு, மகளிர் சுயஉதவிக் குழுவின் உறுப்பினர் பட்டியல் ஆகிய மூன்றோடும் தலைக்கட்டுப் பட்டியலை ஒப்பிட்டால், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். விடுபட்டவர்களை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். பஞ்சாயத்தாரிடமே திரும்பிப் போய், “இந்தப் பன்னிரண்டு வீட்டை எப்படி எழுதலாம்?” என்று கேளுங்கள். வீம்புக்குப் பேசுபவர்கள்கூட, பெயர் சொல்லிக் கேட்கும்போது, “அது நம்ம ஊரு பொண்ணுதானே” என்று இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன். இறங்கி வராத ஊரும் உண்டு. அங்கே எங்கள் நிறுவனம் தன் நிதியில் அந்த வீடுகளுக்குத் தனியாகச் செய்யும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினோம். அந்த ஊரில் இரண்டு மாதம் எவரும் எங்களுக்குத் தேநீர் தரவில்லை.

மூன்றாம் படி: படிவம் இல்லாமல் ஒரு வாரம்

படிவத்தை நிரப்பும் முன், ஒரு வாரம் வெறுங்கையோடு ஊரைச் சுற்றுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மீன் இறங்கும் இடத்தில் நில்லுங்கள். யார் ஏலம் கூறுகிறார், யார் கடனுக்கு எடுக்கிறார், எந்தப் பெண்கள் ஓரத்தில் நின்று மிஞ்சியதை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் என்ன கணக்கெடுத்தார்கள் என்பதையும் இந்த வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். 2005 ஜனவரியில் நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், மீனவர்களிடையே வேலை செய்துவந்த சிஃப்ஸ், ஸ்நேகா போன்ற அமைப்புகளின் முயற்சியால் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கி, எந்த ஊரில் யார் என்ன செய்கிறார் என்ற பட்டியலைப் பேணியது. அது இல்லாதிருந்தால் அந்த மூதாட்டி முன் ஏழு பேருக்குப் பதிலாக எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து வரைபடம். வெள்ளைத்தாளையும் வண்ணப் பேனாவையும் நீட்டினால் ஊரில் படித்த இரண்டு இளைஞர்கள் மட்டுமே வரைவார்கள். கோலப்பொடியைக் கொண்டுபோங்கள். கோயில் முன் உள்ள மணலில் ஒரு பெண் முதல் கோட்டைப் போட்டுவிட்டால், மற்றவர்கள் தாமாக வந்து “அங்க இல்லக்கா, வாய்க்கா இந்தப் பக்கம்” என்று திருத்தத் தொடங்குவார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, நல்ல தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கிளிஞ்சல். எல்லாரும் கலைந்த பிறகு புகைப்படம் எடுத்து, தாளில் நகல் வரைந்து, மறுநாளே அந்தத் தாளின் ஒரு படியை ஊரில் கொடுத்துவிடுங்கள். வரைந்தவர்களுக்கே வரைபடம் கிடைக்காமல் போவதுதான் இந்தத் துறையின் பழைய வியாதி.

பருவகால அட்டவணை ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, கையில் காசு இல்லாத மாதங்கள். வெளிநாட்டு நிறுவனம் பலவற்றுக்கு ஆண்டுக் கணக்கு டிசம்பரில் முடிவதால், செலவழித்து முடிக்க வேண்டிய அவசரமும் கூட்டம் போட்டு ஒப்புதல் வாங்கும் அவசரமும் சரியாக அந்த மழை மாதங்களில்தான் வந்து விழும். கடன்பட்டு நிற்பவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார். முக்கிய முடிவுகளை ஜூலை முதல் செப்டம்பருக்குள் எடுக்குமாறு உங்கள் பணித்திட்டத்தை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கட்டும் முன் மணலில் போட்டுப் பாருங்கள்

ஆழிப்பேரலைக்குப் பின் நிரந்தர வீடுகள் கட்டியபோது அரசு வகுத்த அளவு 300 முதல் 325 சதுர அடி. செலவு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அளவில். அளவு ஒன்றுதான் என்றாலும் விளைவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. சில நிறுவனங்கள் ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டன. வேலை எளிதாக இருக்கட்டும் என்று அவர் தென்னையையும் பூவரசையும் வெட்டி, மணல்மேட்டைச் சமன் செய்து, வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்தார். வலையைப் பரப்பிப் பழுதுபார்க்க நிழல் போயிற்று. மீன் காயவைக்கவும், மாலையில் பெண்கள் கூடி உட்காரவும் இருந்த இடம் போயிற்று. அதற்கு முன்பே, தார் பூசிய தகடுகளால் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் ஒரு கோடையைக் கழித்தவர்கள், நண்பகலில் உள்ளே இருக்க முடியாமல் குழந்தைகளோடு வெளியில் கிடைத்த நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். நிழலின் அருமை அந்த ஒரு கோடையிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் வேலை செய்த ஊரில், பொறியாளர் தந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினோம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வயதான கொத்தனார் ஒருவர்தான் எங்களைத் தனியே அழைத்து, “பேப்பரப் பாத்து எவன் சார் சொல்லுவான்? தரையில போட்டுக் காட்டுங்க” என்றார். மறுநாள் மணலில் கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் ஒரு வீட்டைப் போட்டோம். கதவு இருக்கும் இடத்தில் ஒரு பலகையை வைத்தோம். பெண்கள் உள்ளே வந்து நடந்தார்கள். ஒருவர் சமையலறையில் குந்தி உட்கார்ந்து, இல்லாத அரிவாள்மனையில் இல்லாத மீனை வெட்டுவதுபோல் கையை ஓட்டிவிட்டு, “கதவத் தொறந்தா என் முதுகுல இடிக்குது” என்றார். இன்னொருவர் கழிப்பறையின் வாசலில் நின்று சாமிப்படம் எங்கே வரும் என்று கேட்டு, இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கத்தில் வருவதைப் பார்த்து வெளியே நடந்துவிட்டார். மீன் கழுவும் தண்ணீர் எங்கே போகும் என்று மூன்றாமவர் கேட்டபோது பொறியாளரிடம் பதில் இல்லை. அன்று மாலைக்குள் கழிப்பறை பின்பக்கம் தனியாகப் போனது, சமையலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்குமாறு மாறியது, மாடிக்கு வெளியிலிருந்து ஏறும் படி வந்தது. மாற்றங்களுக்கு ஆன கூடுதல் செலவு மிகச் சிறியது. படிக்கட்டுக்கு மட்டும் நிதி தந்தவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. இந்தச் சுண்ணாம்புக்கோட்டு முறையை வீட்டுக்கு மட்டுமல்ல, சமுதாயக் கூடம், கழிப்பறைத் தொகுதி, மீன் உலர்த்தும் தளம் என எதற்கும் பயன்படுத்தலாம். ஒரு மூட்டைச் சுண்ணாம்பு போதும்.

பட்டாவை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வியையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். ஆழிப்பேரலை வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகக் கொடுக்க அரசு முடிவெடுத்தது, பிந்தைய ஆண்டுகளில் பல பெண்களுக்குக் கைகொடுத்த முடிவு.

ஐந்தாம் படி: கொடுப்பதை யார் ஓட்டுவார், யார் பழுதுபார்ப்பார்?

கொடுக்க எளிதானதும், புகைப்படத்தில் நன்றாக விழுவதும் படகு. கட்டுமரத்தை இழந்தவர்களுக்குக் கண்ணாடியிழைப் படகு வந்தது; படகே இல்லாதவர்களுக்கும் நான்கைந்து பேருக்கு ஒன்று என்று வந்தது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தம் கணக்கை மட்டுமே பார்த்ததால், பல ஊர்களில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலான படகுகள் கரையேறின. ஒரு ஃபைபர் படகுக்கு நான்கைந்து ஆள் வேண்டும். எல்லாரும் உரிமையாளராகிவிட்டால் தண்டு வலிக்கவும் வலை விடவும் ஆள் எங்கிருந்து வரும்? தேவையைப் பார்த்துத் திடீரென முளைத்த பட்டறைகளில் அவசரமாக வார்த்த படகுகளின் தரமும் சொல்லும்படி இல்லை. ஆகவே எதையும் கொடுக்கும் முன், அது ஊரில் இப்போது எத்தனை இருக்கிறது, வேறு யார் கொடுக்கப்போகிறார், ஓட்ட ஆள் உண்டா, உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள்.

பழுதுபார்ப்பு என்பது பின்னால் பயிற்சி கொடுத்துச் சமாளிக்கும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம்மூர் அடிபம்பின் கதையைச் சொல்வேன். 1970களில் யுனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவான இந்தியா மார்க் 2 பம்பு, எளிதில் உடையாத உறுதியால் ஆப்பிரிக்க நாடுகள் வரை பரவியது. ஆனால் கிணற்றுக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டால், அதை மாற்ற முழுக் குழாயையும் தூக்க வேண்டும். அதற்குக் கருவிகளோடு ஒரு குழு வண்டியில் வர வேண்டும். 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த கள ஆய்வின் வழியே வந்த மார்க் 3, குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கி, குழாயைத் தூக்காமலே உள்ளே இருக்கும் உந்துதண்டை மேலே இழுத்துவிடச் செய்தது. ஊரில் பயிற்சி பெற்ற ஒருவர், இன்னொருவர் துணையோடு அதைச் செய்துவிடலாம். குழாயின் விட்டத்தில் செய்த ஒரு மாற்றம், பம்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கும் என்பதையே மாற்றிவிட்டது. வடிவமைப்பு மேசையில் எடுக்கப்படும் இத்தகைய முடிவுகளை ஊர் எந்தக் கூட்டத்திலும் பின்னால் திருத்த முடியாது.

நல்லெண்ணத்துக்கு அப்பால் சோதனையும் தேவை என்பதற்கு வங்கதேசம் சான்று. கிருமி நிறைந்த குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க 1970களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் அங்கே இறக்கப்பட்டன. நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அப்போது பார்க்கவில்லை. 1990களில் கண்டுபிடித்தபோது கோடிக்கணக்கானோர் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நஞ்சுள்ள குழாய்க்குச் சிவப்பும், இல்லாததற்குப் பச்சையும் பூசினார்கள். உங்கள் திட்டம் தண்ணீரைத் தொடுகிறது என்றால், தோண்டும் செலவோடு ஆய்வகச் செலவையும் சேர்த்தே வரவுசெலவுத் திட்டம் போடுங்கள். முடிவை ஊருக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் அந்தச் செலவுக்குள் அடங்கும்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுங்கள், மறுப்புக்கும் ஒரு பத்தி வையுங்கள்

நிதி தருபவரோடு உங்கள் நிறுவனம் நாற்பது பக்க ஒப்பந்தம் போட்டிருக்கும், ஊரோடு வாய்ப்பேச்சுதான். இதை மாற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல், எளிய தமிழில், மொத்தத் தொகை எவ்வளவு, அதில் ஊரில் செலவாவது எவ்வளவு, அலுவலகச் செலவு எவ்வளவு, எப்போது தொடங்கி எப்போது முடியும், முறையீட்டை யாரிடம் சொல்வது, எந்தெந்த முடிவுகள் ஊருக்கு உரியவை என்று எழுதிக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். தொகையைச் சொன்னால் ஊரில் சண்டை வரும் என்று மூத்தவர்கள் எச்சரிப்பார்கள். சொல்லாவிட்டால் வரும் வதந்தியில் அந்தத் தொகை பத்து மடங்காக இருக்கும் என்பது என் அனுபவம். ஊரின் பங்காகக் கேட்பது உழைப்பா, இடமா, பணமா என்பதையும் இங்கேயே எழுதுங்கள். அன்றாடக் கூலியில் வாழ்பவரிடம் “உழைப்புப் பங்களிப்பு” கேட்பது அவரிடம் பணம் கேட்பதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசிப் பத்தியில், இந்தத் திட்டத்தின் எந்தப் பகுதியையும் ஊர் வேண்டாம் எனலாம், அதனால் மற்றப் பகுதிகள் நிற்காது என்று எழுதுங்கள். எழுதினால் பயன்படுத்துவார்களா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஓர் ஊரில் வலை பின்னும் கூடம் ஒன்று கட்ட எங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் பணம் இருந்தது. மீன் விற்கும் பெண்கள் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, கூடத்தில் தங்களுக்கு வேலை இல்லை, பேருந்தில் மீன் கூடையை ஏற்ற மறுப்பதால் சந்தைக்குப் போகத்தான் வழியில்லை, ஒரு வண்டி வேண்டும் என்றார்கள். ஆண்கள் சிரித்தார்கள், நாட்டாமை சிரிக்கவில்லை. கூடம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதி எங்களிடமே கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் இதை ஒரு தோல்வியாகவே பேசினார்கள், நிதி தந்தவர்களோடு மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது, ஒரு கட்டத்தில் பணத்தைத் திருப்பி அனுப்புவதா என்ற பேச்சும் வந்தது. இறுதியில் வாடகைக்கு ஒரு சிறு சரக்கு வாகனமும் பனிக்கட்டிப் பெட்டிகளும் வந்தன. வண்டியின் கணக்கை அந்தப் பெண்களே எழுதினார்கள். ஓட்டுநர் டீசல் கணக்கில் ஏமாற்றுகிறார் என்பதை இரண்டாம் மாதமே கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான்.

ஏழாம் படி: உங்கள் நடத்தைக்கும் விதி உண்டு

பணமும் பட்டியலும் உங்கள் கையில் இருப்பதால், உங்களிடம் முகத்தைச் சுளிக்க ஊரில் எவருக்கும் துணிவு வராது. அதனால்தான் கட்டுப்பாடு வெளியிலிருந்து வர வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் அலுவலகத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஊரிலும் ஒட்டப்பட வேண்டும். குழந்தை ஒன்று பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஊர் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வதாகச் சொன்னாலும் உங்கள் கடமை மாறாது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு நீங்கள் தலைவணங்காமல் நிற்க வேண்டிய இடம் இது.

புகைப்படத்துக்கு அனுமதி கேளுங்கள். துயரத்தில் இருப்பவரை எடுக்காதீர்கள். அழுத முகம் இல்லாத படத்தைத் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பினால், அதையே மறுபடி அனுப்புங்கள்.

எட்டாம் படி: அறிக்கை

காலாண்டு அறிக்கையை நிதி தருபவருக்கு அனுப்பும் அதே வாரத்தில், அதன் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை ஊரில் படியுங்கள். எழுதியதைக் கேட்டு “இது நடக்கவே இல்லையே” என்று ஒருவர் சொன்னால், அனுப்பிய அறிக்கையைத் திருத்துங்கள். செய்யாததையும் எழுதுங்கள். நல்ல நிதி நிறுவனங்கள் அதைக் கண்டு பணத்தை நிறுத்துவதில்லை. நிறுத்துகிறவர்கள் யார் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடுவது நல்லதுதான்.

ஒன்பதாம் படி: கிளம்புவது

திட்டம் முடிய ஓராண்டு இருக்கும்போதே கிளம்பும் தேதியை ஊரில் சொல்லுங்கள். அதன்பின் மாதத்துக்கு ஒரு வேலையாகக் கைமாற்றுங்கள். குழுவின் வங்கிக் கணக்கில் உங்கள் நிறுவனத்தின் கையெழுத்து இருந்தால், கடைசி ஆறு மாதத்துக்கு முன்பே நீக்கிவிட வேண்டும். தவறு நேர்ந்தால் உடனிருந்து திருத்த அப்போதுதான் நாள் இருக்கும். கட்டடத்தின் வரைபடம், மின் இணைப்பு எண், வாகனத்தின் பதிவுச் சான்று, காப்பீடு, தண்ணீர் ஆய்வு முடிவுகள், தீர்மானப் புத்தகம், கோலப்பொடி வரைபடத்தின் நகல் எல்லாவற்றையும் இரண்டு படி எடுத்து, ஒன்றை ஊர்ப் பஞ்சாயத்திடமும் மற்றொன்றை மகளிர் குழுவிடமும் கொடுங்கள். ஊராட்சி பராமரிக்க வேண்டியவை எவையேனும் இருந்தால், அவற்றைக் கிராம சபைத் தீர்மானத்தில் ஏற்றி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் ஏறாத தெருக்குழாய்க்கு எந்தச் செயலரும் மின்கட்டணம் கட்ட மாட்டார். உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம், ஆனால் அழைப்பு வந்தால் பதில் சொல்லப்போவது நீங்களா, அலுவலகத்தில் உங்கள் இடத்துக்கு வருபவரா என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.